நாலு ஓட்டை சரியா இருந்தா போதுமா? பழைய காருக்கு வீல் மாற்றுவோர் கவனத்துக்கு...

புதுச்சேரி:

வெளியூர் பணக்காரர்களின் சொகுசு கார்கள் பி.ஒய்.-01 நம்பரில் ஓடுவதாக அவ்வப்போது செய்தி வரும். ஆனால் புதுவை வீதிகளில் நிஜமாக ஓடுவது என்னவோ ஆல்டோ, ஸ்விப்ட், ஐ10, க்விட் போன்ற சின்ன கார்கள்தான். அதிலும் இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகளே அதிகம்.

இந்த கார்களில் முதலில் அடி வாங்குவது வீல். கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றில் இரும்பு டிஸ்க் துருப்பிடிக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்தில் இறங்கினால் ரிம் நெளிகிறது. 2024 நவம்பர் கடைசியில் வந்த பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் எது ரோடு, எது பள்ளம் என்று எந்த டிரைவருக்கு தெரியும்?

டிஸ்க் நெளிந்தால் காற்று நிற்காது. டியூப்லெஸ் டயரில் காற்றை பிடித்து வைப்பதே ரிம் விளிம்புதான். காலையில் காற்று அடித்தால் மறுநாள் இறங்கி நிற்கும். பஞ்சர் கடைக்கு போனால் "பஞ்சர் இல்லைங்க, டிஸ்க் போயிடுச்சு" என்பார்கள்.

அடுத்து என்ன? புதுசு வாங்கலாமா, பழசு வாங்கலாமா, இரும்பா, அலாயா என்ற கேள்வி வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டை எடுப்பது போல பார்த்தவுடன் எடுத்துவிடுகிறார்கள். சட்டை சேரவில்லை என்றால் தம்பிக்கு கொடுத்துவிடலாம். வீல் சேரவில்லை என்றால் கிழக்கு கடற்கரை சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போதுதான் தெரியும்.

2 மி.மீ. செய்யும் வேலை

வீல் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஓட்டை?" என்பதைத்தான். நாலு ஓட்டை என்றதும் பலரும் திருப்தி ஆகிவிடுகிறார்கள். ஆனால் ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் முக்கியம். இதை பி.சி.டி. என்பார்கள். நட்டு போடும் ஓட்டைகளின் நடுப்புள்ளிகளை சேர்த்து ஒரு வட்டம் போட்டால் அந்த வட்டத்தின் குறுக்களவுதான் பி.சி.டி.

நாலு ஓட்டை வீலில் இதை அளப்பது சுலபம். எதிரெதிரே உள்ள இரண்டு ஓட்டைகளின் நடுவில் இருந்து நடுவுக்கு டேப் பிடித்தால் போதும். ஸ்விப்ட், ஐ10, டியாகோ கார்களில் இது 100 மி.மீ. பழைய மாருதி கார்கள் சிலவற்றில் 114.3 மி.மீ. இந்த இரண்டும் மாறினால் ஆபத்து இல்லை. ஏனென்றால் மாட்டவே மாட்டாது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பியட் பாலியோ, புன்டோ கார்களில் பி.சி.டி. 98 மி.மீ. கண்ணுக்கு 98-க்கும் 100-க்கும் வித்தியாசமே தெரியாது. கொஞ்சம் அழுத்தி முறுக்கினால் உள்ளே போனது போலவே இருக்கும். ஆனால் நட்டு முழுசாக உட்காராது. ஒரு பக்கமாக கடித்துக்கொண்டு நிற்கும். வண்டி ஓட ஓட அதிர்வில் நட்டு தளரும். வீல் கழன்று ஓடும் விபத்துக்கு இப்படித்தான் அடிபோடப்படுகிறது.

போக்ஸ்வேகன் போலோவுக்கும் அதே 100 மி.மீ.தான். ஆனால் ஓட்டை 5. அதோடு அதில் நட்டு கிடையாது, போல்ட்.

மூன்று நட்டு ரகசியம்

2015-ல் ரெனோ க்விட் கார் வந்தபோது, "என்னப்பா வீலுக்கு 3 நட்டுதான் இருக்கு" என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள். டாடா நானோவிலும் 3 நட்டுதான். பயப்பட ஒன்றும் இல்லை. வண்டி எடை குறைவு என்பதால் கம்பெனியே கணக்கு போட்டு வைத்ததுதான் அது. பிரெஞ்சு கார்களில் இது புதிதும் இல்லை. 1948-ல் வந்த சிட்ரோன் 2சிவி காரில் 3 நட்டுதான். பாண்டியை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே இருந்த பழக்கம்.

ஆனால் மாற்று வீல் தேடும்போது இது தலைவலி. 3 ஓட்டை அலாய் வீல் எல்லா கடையிலும் கிடைக்காது. அதற்காக ஹப்புக்கு மேல் ஒரு அடாப்டர் தகடு வைத்து 4 ஓட்டை வீல் மாட்டும் வேலை உண்டு. இதை செய்யாமல் இருப்பது நல்லது. தகடின் தடிமன் அளவுக்கு வீல் வெளியே தள்ளி நிற்கும். பேரிங் மீது பாரம் ஏறும். சிக்கனத்துக்கு 3 நட்டு வைத்த வண்டியில் அந்த கூடுதல் பாரத்தை யார் தாங்குவது?

நானோ வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் முன் டயர் 135/70 ஆர்12. பின் டயர் 155/65 ஆர்12. முன்னதை பின்னால் மாற்றி போடும் வேலை அதில் நடக்காது.

நடு ஓட்டையை யாரும் பார்ப்பதில்லை

வீலின் நடுவில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கும். ஹப்பின் நடுமேடு அதற்குள் உட்கார வேண்டும். ஸ்விப்ட், பலேனோ, ஐ10 கார்களில் இது 54.1 மி.மீ. ஹோண்டா சின்ன கார்களில் 56.1 மி.மீ.

ஒரு உதாரணம். ஹோண்டா பிரியோவில் கழற்றிய அலாய் வீல் நாலு, பளபளப்பாக, குறைந்த விலைக்கு கிடைக்கிறது. ஸ்விப்ட் வைத்திருப்பவர் எடுத்து மாட்டுகிறார். ஓட்டை 4-க்கு 4. பி.சி.டி. 100-க்கு 100. அழகாக மாட்டிவிட்டது.

ஆனால் நடுவில் 2 மி.மீ. இடைவெளி. வீல் நடுப்புள்ளியில் நிற்காமல் ஒரு ஓரமாக உட்காரும். வேகம் ஏறியதும் ஸ்டியரிங் நடுங்கும். வீல் பேலன்சிங் 4 தடவை செய்தாலும் அது போகாது. பேலன்சிங் மிஷினில் வீல் சரியாகத்தான் சுற்றும். காரில் மாட்டினால்தான் ஆடும். பேலன்சிங் கடைக்காரரை திட்டி பிரயோஜனம் இல்லை.

இதற்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. வெளி அளவு வீலுக்கும் உள் அளவு ஹப்புக்கும் பொருந்துவதாக வாங்கி செருகினால் இடைவெளி அடைபடும். வெளிக்கடைகளில் விற்கும் அலாய் வீல்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையை வேண்டுமென்றே பெரிதாக வைப்பார்கள். அதற்கு இந்த வளையம் கட்டாயம் தேவை. கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பல கடையில் தருவதில்லை.

அந்த ஹோண்டா வீல் கதை இன்னும் முடியவில்லை. ஹோண்டா கம்பெனி வீலில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் போல உருண்டையாக இருக்கும். மாருதி நட்டின் முனை கூம்பு போல சரிவாக இருக்கும். உருண்டை குழியில் கூம்பு நட்டு போட்டால் ஒரு கோடு அளவுக்குத்தான் பிடிப்பு கிடைக்கும். முறுக்கும்போது டைட் ஆனது போல கைக்கு தெரியும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் தளர்ந்துவிடும். வீலோடு சேர்த்து அதற்குரிய நட்டையும் வாங்க வேண்டும் என்பது இதனால்தான்.

வீல் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கும் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. ஆப்செட் என்பார்கள். வீலின் உள்பக்கம் 'இ.டி.' எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் அச்சாகி இருக்கும். கம்பெனி வீலில் உள்ள எண்ணையே பார்த்து வாங்க வேண்டும். எண் ரொம்ப குறைந்தால் டயர் வெளியே வந்து மட்கார்டில் உரசும். கூடினால் உள்ளே சஸ்பென்ஷனில் இடிக்கும்.

பெரிய வீல் போட்டால் என்ன?

12 இஞ்ச் வீலை பார்த்து சலித்துப்போய் 13 போடலாமா, 14 போடலாமா என்று ஆசைப்படுவோர் உண்டு. போடலாம். ஆனால் டயரோடு சேர்த்த மொத்த உயரம் மாறக்கூடாது.

கணக்கு இதுதான். 145/80 ஆர்12 என்றால் டயர் அகலம் 145 மி.மீ. பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 116 மி.மீ. மேலும் கீழுமாக 232. ரிம் 12 இஞ்ச், ஒரு இஞ்ச் 25.4 மி.மீ. என்பதால் 304.8. கூட்டினால் 536.8 மி.மீ. இதுதான் ஆல்டோவின் டயர் உயரம்.

இதற்கு பதில் 155/80 ஆர்13 போட்டால் உயரம் 578.2 மி.மீ. ஆகிவிடும். கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடுதல். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உரசும். இழுவை குறையும். வாடகை கார் என்றால் ஓடிய கிலோமீட்டரும் குறைவாக காட்டும், நஷ்டம் டிரைவருக்குத்தான். அதே 13 இஞ்சில் 155/65 எடுத்தால் 531.7 மி.மீ. வருகிறது. வித்தியாசம் ஒரு சதவீதம்தான்.

கம்பெனிகளே இந்த கணக்கைத்தான் போடுகின்றன. ஸ்விப்ட்டில் விலை குறைந்த மாடலுக்கு 165/80 ஆர்14, விலை கூடிய மாடலுக்கு 185/65 ஆர்15. இரண்டின் உயரத்துக்கும் வித்தியாசம் 2 மி.மீ.தான். எனவே அதே காரின் டாப் மாடலுக்கு கம்பெனி என்ன அளவு கொடுத்திருக்கிறது என்று பார்த்து அதையே போடுவது பாதுகாப்பு. கதவை திறந்தால் டிரைவர் பக்க தூணில் காற்று அளவோடு சேர்த்து டயர் அளவும் ஸ்டிக்கரில் இருக்கும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவை சுட்டிக்காட்டி 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு கூறியது. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயரோடு எப்.சி.க்கு போனால் சிக்கல்தான். விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் கேள்வி வரும்.

இரும்பா, அலாயா?

பார்க்க அழகு அலாய்தான். துருப்பிடிக்காது. ஆனால் பள்ளத்தில் பலமாக அடித்தால் இரும்பு நெளியும், அலாய் வெடிக்கும். நெளிந்த இரும்பை ஓரளவுக்கு தட்டி எடுக்கலாம். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து, பாலீஷ் போட்டு, பெயிண்ட் அடித்து புதுசு போல விற்கிறார்கள். அதை நம்பி ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போவது சரியில்லை.

பழைய அலாய் வாங்கினால் முன்பக்கத்தை பார்க்க வேண்டாம், திருப்பி போட்டு உள்பக்கத்தை பார்க்க வேண்டும். வெல்டிங் தடம், தனியாக தெரியும் பெயிண்ட், விளிம்பில் பட்டி போட்ட மேடு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். காசு கொடுக்கும் முன் பேலன்சிங் மிஷினில் மாட்டி சுற்றச் சொல்ல வேண்டும். விளிம்பு ஏறி இறங்கினால் கண்ணுக்கே தெரியும். சுற்றிக்காட்ட கடைக்காரர் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

தினமும் வில்லியனூர், அரியாங்குப்பம் என்று சவாரி அடிக்கும் வாடகை காருக்கு கம்பெனி இரும்பு டிஸ்க்கே மேல். வீல் கப்புக்கு பின்னால் துரு மறைந்திருக்கும் என்பதால் மாதம் ஒருமுறை கப்பை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

டயரில் இருக்கும் 4 எண்

வீலோடு பழைய டயரும் சேர்த்து தருவார்கள். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் 4 எண்கள் இருக்கும். 3817 என்றால் 2017-ம் ஆண்டின் 38-வது வாரம் செய்தது. ஓடாமல் மூலையில் கிடந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும்.

கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்கு கீழே போகக்கூடாது என்பது விதி. அளக்க கருவி தேவையில்லை. பட்டன் இடுக்கில் குறுக்கே சின்ன மேடு இருக்கும். தேய்மானம் அந்த மேட்டை தொட்டுவிட்டால் டயர் முடிந்தது.

அளவுக்கு பக்கத்தில் 74டி என்பது போல இருப்பது பாரமும் வேகமும். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் வைத்த வண்டிக்காரர்கள் இந்த எண்ணை குறைக்கவே கூடாது.

நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எப். தொழிற்சாலையே இருக்கிற ஊர் இது. ஆனாலும் உள்ளூர்க்காரர்களுக்கு டயர் தனி விலையில் கிடைப்பதில்லை. ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைந்திருக்கிறது. பில்லில் 18 தான் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

மாட்டிய பிறகு

புது வீல் மாட்டியதும் நட்டை காலால் மிதித்து முறுக்குவது கெடுதல். ஸ்டட் நீண்டுவிடும். கார் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால், எதிரெதிர் நட்டாக முறுக்கச் சொல்ல வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வண்டி ஆறிய பிறகு ஒருமுறை நட்டை சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. நாலு வீலும் அலாய் மாற்றிவிட்டு ஸ்டெப்னியை பழைய இரும்பிலேயே விட்டுவிடுவார்கள். அலாய் நட்டு அந்த இரும்பு டிஸ்க்குக்கு பொருந்தாமல் போகலாம். ராத்திரி நேரத்தில் மரக்காணம் பக்கம் பஞ்சர் ஆகி, ஜாக்கி வைத்து தூக்கிய பிறகு இது தெரிந்தால் என்ன செய்வது? பழைய நட்டு நாலையும் ஒரு துணியில் முடிந்து ஸ்டெப்னிக்கு பக்கத்திலேயே போட்டு வைக்க வேண்டும்.