ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ரூபாய்

கூலியை உயர்த்தித் தரும்படி கேட்பது முறுமுறுப்பாகிவிடுமோ என்று தயங்குகிற சகோதர சகோதரிகள் நம் சபைகளில் அநேகர் உண்டு. பிழைப்புத் தேடி வந்த ஊரில் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்கிற பயமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆனால் யாக்கோபு தன் கூலியை லாபானிடம் வாய் திறந்து பேசி முடிவு செய்தான் என்று ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நியாயமானதை மரியாதையோடு கேட்பது முறுமுறுப்பு அல்ல.

பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்ததைப் பாருங்கள். கர்நாடகத்தில் விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதியில் திருத்தப்படுகிறது. 2020ஆம் ஆண்டு கூட வேண்டிய தொகை மாதத்துக்கு 417 ரூபாய் 60 காசு. கொரோனாவைக் காரணம் காட்டி மாநில அரசு அதைத் தள்ளிவைத்தது. தொழிற்சங்கங்கள் நீதிமன்றத்தை நாடின. அவ்வாண்டு செப்டம்பரில், பாக்கியோடு கொடுக்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின்னும் பல ஆலைகள் கொடுக்கவில்லை. தொழிலாளர்கள் விடாமல் கேட்டார்கள். வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் வரை செய்தி எட்டியது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெரிய ஏற்றுமதி நிறுவனமான ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் பாக்கியைத் தர முன்வந்தது.

அந்தத் தொகையை 26 நாட்களுக்கும், நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கும் பங்கிட்டால் மணிக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய்தான். ஆயினும் இருபது மாதத்துக்கு 8,352 ரூபாய் ஆகிறது. அது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை.

ஆகையால் கேட்பதற்கு முன் கணக்குப் பாருங்கள். வேலை செய்த மணி நேரங்களை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஓவர்டைம் வேலைக்கு இரு மடங்கு கூலி உண்டு என்பதையும் மறவாதிருங்கள். கூலி அதற்குக் குறைவாயிருந்தால், நீங்கள் கேட்பது தயவு அல்ல, உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. அதற்கு மேல் உயர்வு வேண்டுமானால், உங்கள் அனுபவத்தையும் கற்றுக்கொண்ட புதிய வேலையையும் எடுத்துச் சொல்லி, இவ்வளவு வேண்டும் என்று தொகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தனியாகப் போகாமல் உடன் வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து, எழுத்து மூலமாகக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைவாகக் கொடுக்கப்பட்ட கூலிக்காக மூன்று ஆண்டுகளுக்குள் முறையிடலாம். முந்தைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இந்தக் கெடு ஆறு மாதம் மட்டுமே. ஆகவே பழைய சம்பளச் சீட்டுகளை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.