துடுப்பு வலிக்கும் வயது

ஐம்பதுக்கு மேல் – 9

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு, ஆம்பூர் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்தவர். “காலம்பூரா ஈரத் தோலு தூக்கின ஒடம்பு சார் இது. இதுக்கு மேல இன்னா எக்சர்சைஸ்?” என்றார். கேட்கும்போதே ஒரு கை மறு தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எத்தனையோ பேர் கேட்கும் கேள்விதான் இது. டிரம் பக்கத்தில் நின்றே தேய்ந்த முழங்கால்கள், ஷூ கம்பெனியில் குனிந்து அப்பர் தைத்தே இறுகிய முதுகுகள் நம் ஊரில் ஏராளம். அவருக்கான பதில், அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் இருக்கிறது.

பேக்கரிக்காரரின் இதயம்

ரிச்சர்ட் மோர்கன் பேக்கரியில் ரொட்டி சுட்டவர்; பேட்டரி தயாரிக்கும் வேலையும் பார்த்தவர். முழங்கால்கள் மக்கர் செய்துகொண்டிருந்தன. எழுபது தாண்டும்வரை முறையான உடற்பயிற்சி என்று எதையும் அவர் செய்ததில்லை. துடுப்புப் படகு வீரரான பேரனின் பயிற்சியைப் பார்க்கப் போன இடத்தில், நீங்களும் உட்கார்ந்து பாருங்களேன் என்று பயிற்சியாளர் அழைத்தார். துடுப்பு இயந்திரத்தில் உட்கார்ந்தவர் அதை விடவே இல்லை. தன் வயதுப் பிரிவில் நான்கு முறை உலக உள்ளரங்கத் துடுப்புச் சாம்பியன் ஆனார்.

92 வயதில் அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து 2,000 மீட்டர் வலிக்கச் சொன்னார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 153 வரை ஏறியது. உடல் எடையில் சுமார் 80 சதவீதம் தசை, 15 சதவீதம்தான் கொழுப்பு. 2023 டிசம்பரில் ஓர் உடலியல் ஆய்விதழில் வெளியான விவரங்கள் இவை.

அவருடைய பழக்கத்தில் ரகசியம் எதுவும் கிடையாது. நாளுக்குச் சுமார் 40 நிமிடம். வாரத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதில் 70 சதவீதம் நிதானமாக, 20 சதவீதம் மூச்சு வாங்கும்படி, 10 சதவீதம் மட்டும் முழுப் பலத்தோடு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி. கூடவே, புரதம் நிறைந்த உணவு.

காலால் வலிப்பது

துடுப்பு என்றதும் கைகளைத்தான் நினைக்கிறோம். உண்மையில் பாதிக்கு மேற்பட்ட விசை கால்களிலிருந்து வருகிறது. நகரும் இருக்கையில் உட்கார்ந்து, முதலில் கால்களால் உதைக்க வேண்டும். பிறகு உடம்பு பின்னால் சாயும். கடைசியில்தான் கை இழுக்கும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக: கை, உடம்பு, கால். உடலின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால், ஓட்டத்தில் விழுவதுபோல முழங்காலில் அடி விழாது. ஆனால் முதுகை வளைத்துக்கொண்டு இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இந்த விளையாட்டு வயதை மதிக்கிறது. மூத்தோர் போட்டிகளின் கதவு 27 வயதிலேயே திறக்கிறது. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஒலிம்பிக்கில் 2,000 மீட்டர் என்றால் இங்கே 1,000. பலர் சேர்ந்து வலிக்கும் படகில் எல்லோருடைய சராசரி வயதைக் கணக்கிட்டுப் பிரிவை முடிவு செய்கிறார்கள்.

தண்ணீர் இல்லாத ஊரில்

1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் சென்னை அடையாற்றில் இருக்கிறது. நம் பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். 2021 நவம்பரில் பெருக்கெடுத்து வந்தபோது, பாலத்தில் நின்று பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். தோல் கழிவுகள் அந்த ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததற்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இன்றும் நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. அப்படிப்பட்ட ஊரில் படகுக்கு எங்கே போவது?

நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமம் ஒன்றில் கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர் தத்து போகனல். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் 13-ஆம் இடம் பிடித்தார். மோர்கனுக்கோ ஒரு கொட்டகையும் இயந்திரமும் போதுமாக இருந்தன. அந்த இயந்திரம் இருக்கும் ஜிம் நம் பக்கத்திலும் உண்டு.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. ஷாப்பில் எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது என்பதைத் தோல் லோடுதான் முடிவு செய்தது. ஒரே தோள், ஒரே இடுப்பு வருடக்கணக்கில் தேய்ந்தது. பயிற்சியில் அளவும் ஓய்வும் நம் கையில் இருக்கின்றன. தமிழில் வலி என்றால் நோவு. வலி என்றால் வலிமையும்தான். துடுப்பு போடுவதற்கும் வலித்தல் என்றே பெயர். முதல் வலியை நிறையச் சம்பாதித்துவிட்ட மக்களுக்கு இரண்டாவதும் சேர வேண்டும் என்பதே என் ஆசை.

மருத்துவரிடம் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் காட்டிவிட்டு ஜிம்முக்கு வரச் சொன்னேன். வந்தார். முதலில் கையாலேயே இழுத்தார். “காலால ஒதைங்கய்யா” என்றதும் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் 700 மீட்டர் காட்டியது. துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி: “அந்த பேக்கரிக்காரரு மொத நாளு எவ்ளோ போட்டாரு சார்?”

போட்டி தொடங்கிவிட்டது. 700 என்று நோட்டில் தேதியோடு எழுதிக் கொடுத்தேன்.

(அடுத்த வாரம்: ஓய்வு நாளில் தசைக்குள் என்ன நடக்கிறது?)