தொலைபேசியில் வரும் பரிசு



சென்ற ஆண்டு முந்திரிப் பருவம் முடிந்திருந்த சமயம். வரதராஜன்பேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல். மிகவும் மரியாதையான பேச்சு. "ஐயா, தங்கள் எண் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. தாங்களும் அம்மாவும் கோவாவில் மூன்று இரவுகள் இலவசமாகத் தங்கலாம்" என்றது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆயினும் அந்த நேரத்தில் என் மனம் கணக்குப் பார்க்கவில்லை. மணமான நாள் முதல் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு நாலு நாள் வெளியே தங்கியறியாத என் மனைவியின் முகந்தான் நினைவுக்கு வந்தது. "பதிவுக் கட்டணம் மட்டும் இன்று மாலைக்குள் செலுத்திவிடுங்கள்" என்று குரல் தொடர்ந்த பொழுதுதான் விழித்துக்கொண்டேன். "நான் எந்தக் குலுக்கலில் என் பெயரை எழுதிப் போட்டேன், அம்மா?" என்று கேட்டேன். விடை வரவில்லை, தொடர்பு அறுந்தது.

எங்கள் தெருவிலேயே இத்தகைய அழைப்பை நம்பிய ஒரு மூதாட்டியார், மூன்று தவணைகளாகப் பணம் அனுப்பினார். அது பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம். பத்து நாட்கள் யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அவரை எண்ணியே இன்று இதைப் பேச முற்படுகிறேன்.

பரிசு என்று சொல்லி வரும் அழைப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை முழுப் பொய். பரிசும் இல்லை, நிறுவனமும் இல்லை. பதிவுக் கட்டணம், வரி, காப்புறுதி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். ஒரு முறை கொடுத்தவர், கொடுத்ததை விட மனமின்றி மறுமுறையும் கொடுப்பார் என்பதே அவர்களுடைய கணக்கு. புகழ்பெற்ற தொலைக்காட்சி வினாவிடைப் போட்டியான 'கௌன் பனேகா குரோர்பதி'யின் பெயரைச் சொல்லி, இருபத்தைந்து இலட்சம் விழுந்தது என்று ஏமாற்றிய கூட்டங்களைப் பற்றிக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனை 2003-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அயல்நாட்டுப் பரிசுச்சீட்டுக்காக இங்கிருந்து பணம் அனுப்புவதும் சட்டத்திற்கு மாறானது. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். பரிசுக்கு வரி உண்டு என்பது மெய்தான். ஆனால் அவ்வரி அரசாங்கக் கணக்கைச் சேர வேண்டியது. அதை முன்பின் அறியாதவரின் கணக்கில் செலுத்தச் சொன்னால், அது வரி அன்று; வழிப்பறி.

இரண்டாம் வகை சற்று நுட்பமானது. நிறுவனம் உண்மையாகவே இருக்கும். பரிசும் ஒருவகையில் இருக்கும். "நகரத்திலுள்ள ஓட்டலுக்குக் கணவனும் மனைவியுமாக வாருங்கள், ஒரு மணி நேரம் எங்கள் விளக்கத்தைக் கேளுங்கள், விருந்தும் விடுமுறைச் சீட்டும் தருகிறோம்" என்பார்கள். அந்த ஒரு மணி மூன்று மணியாக நீளும். பல ஆண்டுகளுக்கான விடுமுறைச் சங்க உறுப்பினர் திட்டத்தை, "இன்று கையொப்பமிட்டால்தான் இந்த விலை" என்று சொல்லி விற்க முயல்வார்கள். பணம் கட்டிய பின்னரே பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் உண்டு என்பதும், கேட்ட நாளில் அறை கிடைப்பது அரிது என்பதும், இலவசம் என்றது அறைக்கு மட்டுமே, பயணத்திற்கும் உணவுக்கும் அன்று என்பதும் விளங்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நம்மை ஆத்திரக்காரர்களாக்குவதே அவர்களுடைய வியாபாரத்தின் அடிப்படை.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய தொல்லையன்று. அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டிலேயே தொலைபேசி விற்பனைக்கென்று விதிகள் வகுத்தார்கள். பரிசு பெறுவதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதை அழைப்பவரே சொல்லியாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அழைப்பு வந்தால் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, அழைத்த எண்ணைப் பாருங்கள். விற்பனைக்கான அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தே வரவேண்டும் என்பது விதி. சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து வந்தால் அதுவே ஐயத்திற்கு இடம். இரண்டாவது, "எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள், வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்" என்று கூறுங்கள். நேர்மையானவர் ஒரு நாள் பொறுப்பார். மூன்றாவது, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. கொடுப்பதற்குத்தான் அது வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டுப் பெரியவர்களுக்குப் பாடம்போல் சொல்லிக்கொடுங்கள். விற்பனை அழைப்புகளே வேண்டாம் என்பவர்கள் 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம்.

ஏமாந்துவிட்டாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குத் தாவிக்கொண்டே போகும். அது எடுக்கப்படுவதற்கு முன் தகவல் கிடைத்தால்தான் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க இயலும். இரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்கு அறிவிக்கும் வரை நேரும் இழப்பு நம்முடையது, அறிவித்த பின் நேருவது வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் வகுத்திருக்கிறது. ஆகவே, நாம் வாளாவிருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் விலை உண்டு.

விடுமுறைச் சங்கத்தில் சேர்ந்து வருந்துவோர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனம் எந்த நகரத்தில் இருப்பினும், தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து இலட்சத்திற்கு உட்பட்டதாயின் கட்டணமும் இல்லை.

எங்கள் தெரு மூதாட்டியாருக்கு வருவோம். அவருடைய பணத்தைப் பறித்தது அந்தக் குரல். அதை மீட்கும் வாய்ப்பைப் பறித்ததோ அவருடைய வெட்கம். "இவ்வளவு வயதாகியும் ஏமாந்தாளே" என்று ஊரார் நகைப்பார்கள் என அஞ்சினார். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாமல்லவா? ஏமாந்தவரைக் கண்டு சிரிப்பது, ஏமாற்றியவனுக்கு நாம் செய்யும் உதவியாகும். கணக்கு வாத்தியாரான நானே ஒரு நிமிடம் மயங்கினேன் என்று இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

அந்த அழைப்பு ஒரு நன்மையும் செய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் நானும், பக்கத்திலிருந்தும் பல்லாண்டுகளாகப் போகாத கங்கைகொண்ட சோழபுரத்திற்குப் பேருந்தில் போய்வந்தோம். சீட்டுக்குக் காசு கொடுத்தோம். கட்டுச்சோறும் எடுத்துச் சென்றோம். ஒருவருக்கும் கடன்படாமல் சென்ற அந்த ஒரு நாள் யாத்திரை, எங்களுக்கு நிறைவாகவே இருந்தது.