சக்கரத்தின் நடுக்கம்

நெடுஞ்சாலையில் மோட்டார் வண்டி விரையும்போது, ஓட்டுபவர் கையிலுள்ள ஸ்டியரிங் திடீரென நடுங்குவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் நின்றுவிடும். கூட்டினால் மீண்டும் தோன்றும். இன்று பட்டறையில் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும் இக்குறை, 1920-களில் பொறியாளர்களைத் திகைக்க வைத்தது. அதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

சக்கரத்தின் கனம் சுற்றிலும் ஒரே சீராக அமைவது அரிது. டயரில் ஓரிடத்தில் ரப்பர் சற்றே தடித்திருக்கலாம். டியூபின் வால்வும், ஒட்டுப்போட்ட இடமும் கனம் கூட்டலாம். 35 செண்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 50 கிராம் மிகையாக இருப்பதாகக் கொள்வோம். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அச்சிறு கனம் ஏறக்குறைய 2 கிலோ எடையின் வலிமையோடு சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும். வேகம் 80 ஆனால் இழுப்பு இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 7 கிலோவை எட்டும். அதுவும் நொடிக்குப் பத்துமுறை திசைமாறி இழுக்கும்.

தொடக்க கால வண்டிகளிலும் இக்குறை இருந்தது, வெளிப்படவில்லை. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு 'டி' வண்டி மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது அரிது. அதன் டயர்கள் ஒடுங்கியவை. காற்றழுத்தம் மிகுந்து இறுகியவை. கரடுமுரடான சாலையின் குலுக்கலில் சக்கரத்தின் சிறு நடுக்கம் மறைந்துபோயிற்று.

1923-ல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அகன்ற, அழுத்தம் குறைந்த 'பலூன்' டயரை வெளியிட்டது. பயணம் மென்மையாயிற்று. அதே காலத்தில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தும் வழக்கம் பரவி, முன் அச்சின் கனமும் கூடிற்று. வேகம், மென்மை, கனம் ஆகிய மூன்றும் சேரவே, மறைந்திருந்த குறை வெளிப்பட்டது. முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக வெட்டி ஆடின. ஸ்டியரிங் ஓட்டுபவரின் பிடிக்கு அடங்க மறுத்தது.

இதற்குச் சமனின்மை மட்டும் காரணமன்று. சுழலும் சைக்கிள் சக்கரத்தை அச்சின் இருமுனையிலும் பிடித்துச் சற்றே சாய்த்துப் பாருங்கள். அது பக்கவாட்டில் திரும்ப முயலும். பம்பரத்துக்குரிய இயல்பே இது. அக்கால வண்டிகளில் இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு பிணைத்திருந்தது. ஒரு சக்கரம் மேலெழுந்தால் அச்சு சாயும்; சாய்வு சக்கரங்களைத் திருப்பும்; திருப்பம் மீண்டும் சாய்வை உண்டாக்கும். சமனற்ற சக்கரம் தொடங்கிவைத்த சிறு ஆட்டத்தை இந்தச் சுழற்சி பெருக்கிவிட்டது.

ஆகவே மருந்தும் இரண்டாயிற்று. ஒன்று, முன்சக்கரங்களைத் தனித்தனியே தாங்கும் அமைப்பு. இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922-லேயே லாம்டா வண்டியில் இதனைக் கையாண்டது. அமெரிக்காவில் மாரிஸ் ஓலி என்னும் பொறியாளரின் ஆராய்ச்சியால், 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இது இடம்பெற்றது.

மற்றொன்று, சக்கரத்தைச் சமன்செய்தல். தரையினின்று தூக்கித் தடையின்றிச் சுழலவிட்டால் கனத்த பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்க விளிம்பில் சிறு எடையைப் பொருத்தினால் சமனாகும். எனினும், உட்புறத்தில் ஒரு பக்கமும் வெளிப்புறத்தில் அதன் எதிர்ப்பக்கமும் கனத்திருந்தால், சக்கரம் நிற்கும்போது சமனாகவே தோன்றும், சுழலும்போதுதான் தள்ளாடும். பொறியில் வேகமாகச் சுழற்றியே இதைக் கண்டறிய முடியும்.

விடுமுறைக்கு வெளி மாநிலத்திலிருந்து குடும்பத்தோடு காரில் ஊர் திரும்பும் அன்பர்கள் இதை நினைவிற்கொள்வது நலம். டயர் மாற்றினாலும், பஞ்சர் ஒட்டினாலும் சமனைச் சோதிக்கச் செய்யுங்கள். நகரத் தெருவில் தெரியாத குறை, நெடுஞ்சாலையில்தான் தன்னைக் காட்டும். ஸ்டியரிங் நடுங்கினால் வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். பட்டறையில் காட்டிய பின்னரே பயணத்தைத் தொடருங்கள்.