இந்தப் புருவத்தை நீ பார்த்தியா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. ஹாஸ்டலில் எல்லோரும் கும்பகர்ணனுக்குப் போட்டியாகக் குறட்டை விடும் நேரம். அந்த நேரத்தில் ஒரு துணிப்பையில் வாட்டர் கலர் டப்பா, ரெண்டு பிரஷ், ஸ்கெட்ச் நோட்டு, பழைய பைனாகுலர் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு பள்ளிக்கரணைக்கு பஸ் ஏறுகிற ஆசாமி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் பரவாயில்லை. இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்களே அப்படி ஆகிவிடும் அபாயம் இருக்கிறது!

நம்ம ஊரில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. புரட்டாசி வெயில் முடிந்தால் நேராக ஐப்பசி அடைமழைதான். ஆனால் வடக்கே, சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும், செப்டம்பரிலேயே குளிர் இறங்க ஆரம்பித்துவிடும். குளம் உறைந்தால் வாத்துக்குச் சாப்பாடு இல்லை. சேறு இறுகினால் உள்ளானுக்குப் புழு இல்லை. ஸோ, மூட்டையைக் கட்டு... தெற்கே பற! அப்படிக் கிளம்பும் கூட்டத்தில் ஒரு பங்கு நம் ஏரிகளில் வந்து இறங்குகிறது. கொடியக்கரை, கூந்தன்குளம், வடுவூர், பள்ளிக்கரணை என்று அக்டோபரிலிருந்து மார்ச் வரை எல்லா இடமும் ஹவுஸ்ஃபுல்.

இவர்களை கேமராவில் பிடிக்க ஒரு கூட்டமே அலைகிறது. கையில் பீரங்கி மாதிரி லென்ஸ்! தப்பே இல்லை. ஆனால் அந்த லென்ஸ் விலைக்கு ஒரு பைக்கே வாங்கிவிடலாம். வாட்டர் கலருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் வாங்கச் சொன்ன கேக் கலர் டப்பா வீட்டுப் பரணில் எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு அக்டோபர் கடைசி. பள்ளிக்கரணையை நடுவில் பிளந்துகொண்டு போகிற ரேடியல் ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் தண்ணீர் லாரிகள், காற்று திரும்பினால் குப்பைக் கிடங்கு வாசனை. எதிரே தண்ணீரில் முப்பது நாற்பது சின்ன வாத்துகள். பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். நீலச்சிறகி! ஆங்கிலத்தில் கார்கனி. புத்தகத்தில் ஆண் வாத்துக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு புருவம், பிறை நிலா மாதிரி கழுத்து வரைக்கும் இறங்கும். சூப்பர் ஸ்டைல்! வரைந்து, கலர் அடித்து, கீழே தேதி, இடம், கையெழுத்து எல்லாம் போட்டேன். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வெகு நேரமாக பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா... இந்தப் புருவத்தை நீ பார்த்தியா?"

"புக்ல இருக்கு சார்."

"புக்ல இருக்கு. இங்க இருக்கா?"

பைனாகுலரைக் கையில் கொடுத்தார். பார்த்தேன். ஒன்று, இரண்டு, பத்து, இருபது... எல்லாம் பழுப்பு. முகத்தில் மங்கலாகச் சில கோடுகள் இருந்தன, அவ்வளவுதான். பிறை நிலா ஒன்றுகூட இல்லை!

விஷயம் இதுதான். இனப்பெருக்க காலம் முடிந்ததும் வாத்துகள் இறகு உதிர்க்கும். ஆண் வாத்து கல்யாண டிரெஸ்ஸைக் கழற்றிவிட்டு, பெண் வாத்து மாதிரியே சாதாரண பழுப்பு உடுப்புக்கு மாறிவிடும். பறக்கும் இறகுகள்கூட ஒரே நேரத்தில் விழுந்து, சில வாரங்கள் பறக்கவே முடியாமல் நாணலுக்குள் ஒளிந்து கிடக்கும். அவை முளைத்த பிறகுதான் பயணம். பல வாத்து இனங்களில் ஆண்கள் குளிர்காலத் தொடக்கத்திலேயே பழைய பளபளப்புக்குத் திரும்பிவிடுவார்கள். நீலச்சிறகி மட்டும் சோம்பேறி. ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் இழுத்தடிக்கும். அக்டோபரில் நம் ஏரிக்கு வருவது அந்தப் பழுப்பு உடுப்போடுதான். நான் வரைந்தது வாத்தை இல்லை. புத்தகத்தை!

"அப்போ இதுல ஆண் எது, பெண் எதுன்னு எப்படி சார் தெரியும்?"

"பறக்கும்போது பாரு. சிறகோட மேல்பக்கம் வெளிர் நீலமா இருந்தா ஆண். அது மட்டும் மாறாது. காத்திரு."

காத்திருந்தேன். ஒரு மணி நேரம்! டீ குடிக்கப் போகலாமா என்று யோசித்த நேரத்தில், சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாக வந்தது (அதுவும் வெளியூர் விருந்தாளிதான்). மொத்தக் கூட்டமும் 'ஜிவ்'வென்று எழுந்தது. பழுப்புக்கு நடுவே அங்கங்கே நீலம் மின்னியது. மூன்று விநாடி இருக்கும். அவசரமாக ஒரு கோணல் கோடு, அதன் மேல் ஈர பிரஷ்ஷால் ஒரு நீலத் தீற்றல். பார்த்தால் குழந்தை கிறுக்கியது போல இருக்கும். அந்த நோட்டில் நான் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிற பக்கம் அதுதான்.

போகும்போது பெரியவர் சொன்னார்: "தேதி போட்டுட்டு, இல்லாத புருவத்தையும் போட்டா அது பொய் சாட்சி தம்பி."

வாத்துப் படம் எந்தக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறது என்று அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உஸ்தாத் மன்சூர் பற்றிப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மன்சூர், மொகலாய மன்னர் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர். மிருகம், பறவை, பூ என்றால் கூப்பிடு மன்சூரை! 'காலத்தின் அதிசயம்' என்ற பொருளில் 'நாதிர்-உல்-அஸ்ர்' என்று மன்னர் பட்டமே கொடுத்தார். 1625 வாக்கில் அவர் சைபீரியக் கொக்கு ஒன்றை வரைந்தார். வெள்ளை உடம்பு, சிவந்த முகம் எல்லாம் நேரில் பார்த்து வரைந்த துல்லியம். ஐரோப்பிய விஞ்ஞானி பல்லாஸ் அந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்தது 1773-ல்தான். அதற்குச் சுமார் 150 வருடம் முன்பே நம் ஆள் வரைந்து வைத்துவிட்டார். அந்த ஓவியம் கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில் இருக்கிறது.

கொக்கு? சைபீரியாவிலிருந்து குளிர்காலத்துக்கு ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் வேட்டை, தங்கி இளைப்பாறும் ஏரிகளும் சுருங்கின. கூட்டம் நூறு, ஐம்பது, பத்து என்று தேய்ந்து, 2002-க்குப் பிறகு பரத்பூருக்கு ஒன்றுகூட வரவில்லை. சீனாவில் குளிர்காலத்தைக் கழிக்கிற இன்னொரு கூட்டம் இருக்கிறது, நம் நாட்டுக்கு வந்த கூட்டம்தான் போய்விட்டது. (ஏரிக்கரையில் வெள்ளையாக எது நின்றாலும் 'சைபீரியாவிலேர்ந்து வந்துருக்கு' என்று சொல்லும் பழக்கத்தையும் இந்த இடத்தில் கொஞ்சம் விட்டுவிடலாம். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம்ம நாட்டு ஆட்கள்தான்!)

பள்ளிக்கரணை மட்டும் என்னவாம்? சதுப்புநிலத்தில் பெரும்பகுதி ரோடாகவும் கட்டடமாகவும் குப்பைமேடாகவும் மாறிய பிறகுதான், 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம் கிடைத்தது. எந்த மூலையில், எந்த மாதம், எந்தப் பறவை மேய்ந்தது என்று ஒரு மாணவனின் நோட்டில் தேதியோடு இருந்தால் அதுவும் சாட்சிதான். புருவம் உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எப்படி வரைவது?

முதல் பிரச்னை, மாடல் அசையாமல் நிற்காது. நெடுங்கால் உள்ளானைப் பாருங்கள். ரோஸ் கலர் குச்சிக் காலில் நடந்துகொண்டே இருக்கும். பாதி வரைவதற்குள் திரும்பிவிடும். கோபப்படாதீர்கள். அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, அதே தாளில் பக்கத்தில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். அதுவும் அரைகுறையா? மூன்றாவது. மேய்கிற பறவை நாலைந்து போஸைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். குனியும், கொத்தும், நிமிரும். பழைய போஸுக்கு வந்ததும் பழைய படத்துக்குத் திரும்புங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு தாளில் ஆறு அரைப் பறவைகள் இருக்கும், அதில் ஒன்று முழுசாகியிருக்கும்.

கண், இறகு என்று ஆரம்பிக்காதீர்கள். உடம்புக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு கோலிக்குண்டு, அலகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு கோடு. அப்புறம் கால். உள்ளானின் கால் நடுவில் பின்பக்கமாக மடங்குவதைப் பார்த்து 'முட்டி ஏன் தலைகீழா இருக்கு?' என்று குழம்புவீர்கள். அது முட்டி இல்லை, கணுக்கால். நிஜ முட்டி மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தெரிந்ததும் என் பறவைகள் விழாமல் நிற்க ஆரம்பித்தன!

அடுத்து கலர். வெள்ளைக் கொக்குக்கு வெள்ளை பெயின்ட் வேண்டாம். தாளே வெள்ளைதானே... கொக்கைச் சுற்றி இருக்கிற தண்ணீரையும் கோரையையும் அடியுங்கள், கொக்கு தானாக வெளியே வரும். வயிற்றுப் பக்க நிழலுக்கு நீர்த்த நீலம் போதும். கறுப்பு கேக்கைத் தொடவே தொடாதீர்கள். அல்ட்ராமெரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தால் எத்தனையோ விதமான சாம்பல் வரும். நீலச்சிறகியின் மொத்த உடம்பும் அந்த ரெண்டு கலருக்குள் அடங்கிவிடும். சார்ட் பேப்பர் ஈரத்தில் அப்பளமாகிவிடும். காசு மிச்சம் பிடிப்பதானால் கலரில் பிடியுங்கள், தாளில் வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். தாளை நாலாக வெட்டிக்கொண்டால் செலவு குறையும்.

அடைமழைக் காலத்தில் இன்னொரு வில்லன், காற்றின் ஈரம். அடித்த கலர் காயவே காயாது. பொறுமை இல்லாமல் மேலே இரண்டாவது கலரை வைத்தால் சேறுதான். அதனால் அங்கே ஒரே ஒரு பூச்சு. மற்றதைப் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள், 'கால் ரோஸ், அலகு கறுப்பு, கழுத்தில் அழுக்கு' என்று. மீதியை அன்றைக்கு ராத்திரியே முடித்துவிடுங்கள். மறுநாள் ஆனால் மூளை புத்தகத்திலிருந்து புருவத்தை எடுத்து ஒட்ட ஆரம்பித்துவிடும்!

ஏரி பக்கத்தில் இல்லையா? உங்கள் காலேஜ் கேம்பஸில் மரமும் சருகும் இருந்தால் ஆறுமணிக்குருவியைத் தேடுங்கள். தோட்டக்கள்ளன் என்றும் பெயர் உண்டு. இது வெளிநாட்டுப் பறவை இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு அக்டோபர் வாக்கில் தெற்கே வரும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் விசில் அடிப்பதால் அந்தப் பெயர். இந்தியில் இதற்கு 'நவ்ரங்', ஒன்பது நிறம் என்று பெயர். உடனே ஒன்பது கலரையும் குழைக்காதீர்கள். புதர் நிழலில் பார்த்தால் பாதி பழுப்பாகத்தான் தெரியும். தெரிகிறதை மட்டும் அடியுங்கள். புதர் பிடித்துவிட்டால் நாள் கணக்கில் அங்கேயே இருக்கும், அதனால் துரத்தாதீர்கள். ராத்திரி ராத்திரியாகப் பறந்து வந்து களைத்திருக்கும் பறவை. நல்ல போஸுக்காகக் கல்லை விட்டெறிகிற நண்பன் இருந்தால் அவனை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

என் நீலச்சிறகிகளை அதே சீஸன் பிப்ரவரி கடைசியில் மறுபடி போய்ப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தன. ரோட்டோரம் அதே இடம், அதே லாரிச் சத்தம். பைனாகுலரைக் கண்ணில் வைத்தால்... பிறை நிலா! ஒன்றில்லை, ஏழு! இந்த முறை புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். புருவம் கண்ணுக்கு முன்னால் எங்கே தொடங்குகிறது, கழுத்தில் எங்கே முடிகிறது என்று அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷை நனைத்தேன். பெரியவரிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. அன்றைக்கு அவர் வரவில்லை.

கடைசியாக ஒன்று. போகும்போது ரெண்டு தண்ணி பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று குடிக்க, இன்னொன்று பிரஷ் கழுவ. மூடியில் அடையாளம் போட்டுவிடுங்கள், ப்ளீஸ். நான் ரெண்டு தடவை மாற்றிக் குடித்திருக்கிறேன்!