கணினி கற்ற பெண்ணுக்கு ஊரிலேயே ஒரு தொழில்

கணினி கற்று, சான்றிதழும் பெற்று, கொழும்புக்கோ கண்டிக்கோ போக வழியின்றி வீட்டில் இருக்கும் மகள் உங்களுக்கு உண்டா, சகோதரிகளே? அவளுக்கான வேலை உடப்புசல்லாவைக் கடைத்தெருவிலேயே இருக்கிறது. பலசரக்குக் கடை, பேக்கரி, தையற்கடை எல்லாவற்றுக்கும் இன்று கணினியோ கைத்தொலைபேசியோ தேவைப்படுகிறது. எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று நேர்மையாகச் சொல்லத்தான் ஆள் வேண்டும். அந்த ஆலோசனையே ஒரு தொழில்.

வீட்டிலிருந்து முடியுமா என்று தயங்காதீர்கள். இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்மணி 1962 இல், வெறும் 6 பவுண் முதலுடன் தம் வீட்டிலேயே கணினி நிரல் எழுதும் நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்ட பெண்களைச் சேர்த்து, அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலையும் அவர்கள் எழுதினார்கள்.

சரி, நம் ஊரில் எங்கே தொடங்குவது? கடையின் கடன் கொப்பியில்!

தோட்டத்து மக்கள் மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று தீர்ப்பது மலையகத்தில் நெடுநாள் வழக்கம். கொப்பி மழையில் நனைந்தால் கடைக்காரருக்கு நட்டம். ஒரே கணக்கு இரண்டு முறை பதிந்தால், கொழுந்து பறித்துச் சம்பாதித்தவளுக்கு அநியாயம். கடனை எழுதி வைப்பதைப் பற்றி அல்குர்ஆன் (2:282) எவ்வளவு விரிவாகப் பேசுகிறது என்பதை நாம் அறிவோம்.

முதல் நாள் எதையும் விற்காதீர்கள், கேளுங்கள். யார் எழுதுகிறார், எங்கே பிழை வருகிறது என்று பாருங்கள். பிறகு கடையில் உள்ள தொலைபேசியிலேயே விரிதாள் ஒன்றை அமைத்து, பெயர், திகதி, சாமான், தொகை, கட்டியது என்று பிரியுங்கள். கூட்டலை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு மாதம் கொப்பியும் விரிதாளும் சேர்ந்தே நடக்கட்டும். இரண்டும் ஒத்துவந்த பிறகே கொப்பியை விடலாம். ஒவ்வோர் இரவும் இன்னோர் இடத்தில் பிரதி எடுப்பதையும் பழக்குங்கள். தொலைபேசி தொலைந்தாலும் கணக்குத் தொலையக் கூடாது.

அடுத்து, மத்திய வங்கி 2020 இல் நாடெங்கும் பரப்பிய லங்கா கியூஆர் முறையை விளக்கலாம். வாடிக்கையாளர் தொலைபேசியால் கட்டும் பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் சேரும். கட்டணம் எவ்வளவு என்பதை வங்கியில் முதலிலேயே கேட்டுச் சொல்லுங்கள்.

விலைப்பட்டியலை யுனிகோட் தமிழில் தட்டச்சுச் செய்யுங்கள். பாமினியில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அப்படியே சிங்களத்திலும் ஒரு பட்டியல் இருக்கட்டும்.

இத்தொழிலின் உண்மையான முதல் அமானிதம்தான். யாருக்கு எவ்வளவு கடன் என்பது உங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது. கடைக்காரரின் வங்கி இரகசிய எண்ணை அவரே தந்தாலும் வாங்காதீர்கள். சாமான் விற்கும் நிறுவனத்திடம் மறைவாகத் தரகு பெறாதீர்கள்.

முதல் கடை மாமாவுடையதாகவே இருக்கட்டும். ஆனாலும் என்ன வேலை, எத்தனை நாள், என்ன கூலி என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வேலை பெருகியதும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம்.

சம்பள நாளன்று வாக்குவாதம் இல்லாமல் ஒரு கடையின் கணக்கு முடியட்டும். அடுத்த கடைக்கு உங்கள் மகளை அந்த முதலாளியே சிபாரிசு செய்வார்.