மலைநாட்டுத் தேயிலை: அறிதலும் வடித்தலும் வாங்குதலும்

தினையும் தேனும் குறிஞ்சி நிலத்துக்குரிய உணவென்று பண்டைத் தமிழ் நூல்கள் கூறும். தேயிலைக்கு ஆங்கு இடமில்லை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். பின்னர்க் கோப்பியை நோய் அழிக்கவே, நமது மலைகள் தேயிலை மலைகளாயின.

இக்கல்லூரியிற் பயின்று, இன்று நோட்டன் பிரிட்ஜில் தமிழ் கற்பிக்கும் நாம், ஒருமுறை மாணவரைத் தேயிலை பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தோம். கொழுந்து கொய்யும் தாயொருத்தியின் மகன், பச்சைத் தேயிலை வேறொரு செடியில் விளைவதென எழுதியிருந்தான். அவனைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. அவ்வுண்மையை யாமும் திட்டமாக அறிந்திலேம். அதன்பின் தேடிக் கற்றவற்றையே ஈண்டுத் தருகின்றோம்.

செடி ஒன்றே, செய்ம்முறையே வேறு. கொய்த கொழுந்தைக் காலந்தாழ்த்தாது சூடேற்றி உலர்த்தினால் அது பச்சைத் தேயிலை. வாட்டி உருட்டினாலோ, இலைச்சாறு வெளிப்பட்டு, நொதியத்தின் துணையால் ஒட்சிசனோடு கூடிச் செம்புநிறம் பெறும். அம்மாற்றம் முதிர்ந்தபின் உலர்த்துவது நமது கறுப்புத் தேயிலை. இடைவழியில் நிறுத்துவது சீனத்திலும் தாய்வானிலும் புகழ்பெற்ற ஊலோங். தாய்வானில் 1,000 மீற்றருக்கு மேல் விளையும் ஊலோங்கை உயர்மலைத் தேயிலை எனப் போற்றுவர்.

நம் நாட்டிலும் உயரமே அளவுகோல். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடி வரை தாழ்நிலத் தேயிலை, 4,000 அடி வரை நடுநிலம், அதற்குமேல் உயர்நிலம். நோட்டன் நீர்த்தேக்கக் கரை நடுநிலமே. ஹற்றனுக்கு ஏறினால் உயர்நிலம் அடைவோம். குளிரில் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் செறியும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசுங்கால் ஹற்றன், டிக்கோயா முதலிய மேற்குச் சரிவுகளிலும், ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவிலும் சிறந்த தேயிலை கிடைக்கும்.

வாங்குவோர் அறியவேண்டியவை சில. பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். முதலிய எழுத்துகள் துணிக்கையின் அளவைக் குறிப்பனவேயன்றிச் சுவையைக் குறிப்பன அல்ல. ஆதலின் தோட்டத்தின் பெயரையும் பொதிசெய்த திகதியையும் பார்த்து வாங்குக. தேயிலைச் சபையின் சிங்க முத்திரை, பொதியிலுள்ளது முற்றும் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டது என்பதற்கு அடையாளம். சில்லறைத் தூளைக் குளிர்நீரில் இட்டவுடன் சாயம் ஓடுமாயின், நிறம் கலந்ததென ஐயுறுக. வாங்கியதைக் காற்றுப் புகாத பேணியில், சரக்குத்தூள்களின் அண்மையில் வையாது காக்க.

இனி வடித்தல். தேயிலையை நீரிலிட்டுக் காய்ச்சுதல் பெரும்பிழை. மணம் ஆவியாகும், கசப்பே எஞ்சும். பாத்திரத்தை வெந்நீரால் அலம்பிச் சூடாக்கி, கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இட்டு, அப்பொழுது கொதித்த நீரை வார்த்து மூடுக. மூன்று அல்லது நான்கு நிமிடத்தில் வடித்துவிடுக. முதன்முறை பாலும் சீனியுமின்றிச் சுவைத்துப் பார்க்க. ஊலோங்காயின் நீரின் கொதி சற்றுத் தணிந்தபின் வார்க்க. அதே இலையில் பன்முறை வடிக்கலாம்.

இவ்வாறு வகுப்பிலே வடித்துக் கொடுத்தபோது, கட்டுரை எழுதிய அம்மாணவன் கோப்பையை முகர்ந்து, “சேர், இது ஸ்டோர்ப் பக்கம் போனா வர்ற வாசம்!” என்றான். அவன் லயத்திற் குடித்து வந்ததோ, நெடுநேரம் காய்ச்சிய தூளின் சாயம். அன்னையின் கூடையிற் சென்ற மணம் அவன் கோப்பைக்கு வர இத்துணைக் காலம் சென்றது.

ஒரு கிலோத் தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனையும் கொய்தவர்தம் பிள்ளைகள் அதன் தரமும் விலையும் அறியாதிருத்தல் தகுமோ? கொழும்பிலே தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. அத்துறையிலுள்ள பழைய மாணவர்களை ஒன்று வேண்டுகின்றோம்: தேயிலையைச் சுவைத்துத் தரங்காணும் கூடத்துக்கு, ஆண்டுக்கொரு முறையேனும், தோட்டத்து மாணவர் சிலரை அழைத்துச் செல்லுங்கள்.